எங்கள் முடுக்குக்கு அந்த வண்டி பெரிது

என் தங்கை வீட்டில் கார் வாங்கிய அன்று நான் மருந்துக் கடையில் இருந்தேன். கடை எங்களுடையதுதான். என் கணவர் நடத்துகிறார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்குப் போகும்போது நான் வந்து உட்காருவேன். அப்போது அம்மா போன் செய்தாள்.

"ஏட்டி, கடையச் சாத்திட்டு வா. உன் தங்கச்சி வீட்டு வண்டி வந்திருக்கு. கோயில்ல பூஜை போட்டுட்டு நம்ம முடுக்கு முன்னால நிக்கு."

அம்மாவின் குரலில் இருந்த பூரிப்பை வைத்தே அது சின்ன வண்டி இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சங்கரன்கோவிலில் ரத வீதியிலிருந்து பிரிந்து உள்ளே போகும் குறுகலான சந்துக்கு முடுக்கு என்று பெயர். எங்கள் முடுக்கின் முகப்பில் என் வீடு, கடைசியில் தங்கை வீடு. நான் வாழ்க்கைப்பட்டு வந்த அதே முடுக்கில் அவளுக்கும் மாப்பிள்ளை அமைந்தது. அப்பா போன பிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறாள். இரண்டு மகள்களும் கூப்பிடு தூரத்தில் இருப்பதில் அவளுக்குப் பெருமை. எனக்கு அந்தப் பெருமை கல்யாணமான புதிதில் இருந்தது. தங்கையின் கணவர் பூ கமிஷன் கடை வைத்து, அந்தக் கடை வளர வளர, கூப்பிடு தூரம் என்பது ரொம்பக் கிட்டத்தில் இருப்பதாகப் பட ஆரம்பித்தது.

நான் போனபோது முடுக்கு வாசலையே அடைத்துக்கொண்டு வெள்ளை வெளேரென்று நின்றது அது. ஏழு பேர் உட்காரலாம். முன்பக்கம் என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. கமிஷன் கடைக்காரர் வண்டி அல்லவா, மாலை மட்டும் ஒரு கல்யாணத்துக்கு ஆகும் அளவுக்குப் போட்டிருந்தார்கள். தங்கை பட்டுச்சேலையில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஏறிப் பாரு."

"இந்த முடுக்குக்கு எதுக்குட்டி இம்புட்டுப் பெரிய வண்டி?" என்றேன். வாழ்த்த வேண்டிய வாயில் அதுதான் முதலில் வந்தது.

அவள் சிரித்தாள். அவள் கணவர்தான் பதில் சொன்னார். "சின்ன வண்டின்னா ரோட்டுல லாரிக்காரன் மதிக்க மாட்டேங்கான், மதினி. இதுன்னா தன்னால ஒதுங்கிருவான்."

நான் ஏறிப் பார்க்கவில்லை. கடையில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

எனக்கு ஏன் அப்படி எரிந்தது என்றால், எங்கள் வீட்டில் வண்டி என்பது என் சொத்து. அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர். குருவிகுளம் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸைப் பல வருஷம் ஓட்டினார். பள்ளி விடுமுறை நாட்களில் இஞ்சின் பெட்டி பக்கத்தில் என்னைத்தான் உட்கார வைத்துக்கொள்வார். தங்கை வரமாட்டாள். பஸ் வாசனை பட்டாலே அவளுக்கு வாந்தி வரும். சைக்கிள்கூட விழுந்துவிடுவோம் என்று கற்றுக்கொள்ளவில்லை. எனக்கோ கல்லூரி முடித்த கையோடு அப்பா தெரிந்தவரின் வேன் ஒன்றை இரவல் வாங்கி, புளியங்குடி ரோட்டு ஓரம் இருந்த பொட்டலில் ஓட்டப் பழக்கி, லைசென்ஸும் எடுத்துக்கொடுத்தார். "இவ ஆம்பளப் பிள்ளையா இருந்தா என் வேலைக்கே வந்திருப்பா" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த லைசென்ஸை ஸ்கூட்டருக்குத்தான் பயன்படுத்தினேன். கார் வாங்கலாம் என்று எப்போது பேச்செடுத்தாலும் என் கணவர், "வீடு இங்கன, கடை அங்கன. நடந்தா ஒரு பாட்டு முடியதுக்குள்ள போயிரலாம். அப்புறம் எதுக்கு?" என்பார். அவர் சொல்வதில் தப்பு இல்லை. தப்பு இல்லாத பேச்சைப் போல எரிச்சல் ஊட்டுவது வேறு எதுவும் கிடையாது.

அடுத்த மாதமே தங்கை மகனுக்குக் காது குத்த திருச்செந்தூர் போனோம். எல்லோரும் அந்த வண்டியில்தான். அம்மா நடு வரிசையில் ஜன்னல் ஓரம் மகாராணி மாதிரி உட்கார்ந்தாள். என் மகள் சித்தியின் மடியில். என் கணவர் முன்னால், தங்கை கணவருக்குப் பக்கத்தில். எனக்குக் கிடைத்தது கடைசி வரிசை. வாழைத்தாரும் முறுக்கு டின்னும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்கால் தாடையில் இடித்தது. தங்கையின் கணவர் பிரேக் போடும் ஒவ்வொரு தடவையும் வாழைத்தார் என் மேல் வந்து சாய்ந்தது.

மனுஷனுக்கு ஓட்டவே வரவில்லை. வளைவில் வேகத்தைக் குறைக்காமல் போய்க் கடைசியில் அழுத்துகிறார். முன்னால் போகிற மோட்டார் சைக்கிளை முட்டுகிற மாதிரி நெருங்கி ஹாரன் அடிக்கிறார். கியர் தானாக மாறும் வண்டி அது. இல்லையென்றால் என்ன ஆகியிருப்பாரோ. நான் பின்னால் இருந்துகொண்டு என் காலாலேயே தரையை மிதித்து மிதித்துப் பிரேக் போட்டுக்கொண்டு போனேன்.

"உசரத்துல இருந்து பாத்தா ரோடே வேற மாதிரி தெரியுது" என்றார் என் கணவர், அதுவரை கார் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தவர்.

"சித்தி கார் சூப்பர்மா" என்று என் மகள் பின்னால் திரும்பிச் சொன்னாள். வாழைத்தாரைத் தள்ளிவிட்டு நான் சிரித்தேன்.

கோவில் வாசலில் இறங்கியதும் தங்கை என்னைப் பார்த்து, "எடம் நெருக்கமா இருந்துதாக்கா?" என்று கேட்டாள். நிஜமாகவே அக்கறையாகத்தான் கேட்டாள். அவள் வேண்டுமென்றே செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வண்டியை முடுக்கின் உள்ளே தங்கை வீடு வரை கொண்டுபோக முடியாது. பாதியில் சுவர் ஒடுங்கிவிடும். அதனால் கண்ணாடிகளை மடக்கி உள்ளே விட்டு, என் வீட்டுக்கு எதிரே சாக்கடை மூடியின் மேல் ஒரு பக்கச் சக்கரத்தை ஏற்றி நிறுத்துவார்கள். காலையில் கதவைத் திறந்தால் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். என் ஸ்கூட்டரை வெளியே எடுக்கச் சுவரோடு ஒட்டி உருட்ட வேண்டியிருந்தது. கேஸ் சிலிண்டர் ஏற்றிவரும் ஆட்டோ உள்ளே வர முடியாமல் திரும்பிப் போனது. தண்ணீர் லாரிக்காரர் முடுக்கு வாசலிலேயே நின்றுகொண்டு, குடத்தை எடுத்துக்கொண்டு அங்கே வரச் சொன்னார். ஒரு நாள் சாக்கடை மூடி விரிசல் விட்டு உள்ளே இறங்கிவிட்டது.

தங்கை கணவரிடம் யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். கல்யாணம், சடங்கு என்று எல்லோருக்கும் பூ அவர் கடையிலிருந்து குறைந்த விலைக்குப் போகிறது. அதனால் என்னிடம் வந்து சொன்னார்கள். காய்ச்சல் மாத்திரை வாங்க வந்தவர்கள், மாத்திரையோடு இந்தக் குறையையும் சொல்லிவிட்டுப் போனார்கள். "தங்கச்சி வீடுன்னு நீங்க தப்பா நெனைக்கக் கூடாது" என்று ஆரம்பிப்பார்கள். நான் ஒருபோதும் தப்பாக நினைக்கவில்லை. உள்ளே ஏதோ குளிர்ந்தது. இன்னும் யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் பெரிய வண்டிகளைப் பற்றிய செய்தி எங்கே வந்தாலும் படிக்கத் தொடங்கினேன். ஏதோ ஒரு நாட்டில், நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்டினால்தான் கார் வாங்க முடியுமாம். இன்னொரு ஊரில் கனத்த வண்டிக்குக் கூடுதல் கட்டணமாம். படிக்கப் படிக்க, நான் நினைப்பது பொறாமை இல்லை, அது ஒரு கொள்கை என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

எங்கள் வார்டுக் கூட்டத்தை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடத்தினார்கள். தெருவிளக்கு, குடிநீர் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. எங்கள் முடுக்குக்காரர்கள் என்னை முழங்கையால் இடித்தார்கள். எழுந்தேன்.

"எங்க முடுக்குல கார் நிக்கதைப் பத்தி மட்டும் நான் சொல்ல வரல" என்று ஆரம்பித்தேன். "இவ்வளவு பெரிய வண்டிய வீட்டு உபயோகத்துக்கு விக்கவே கவர்மெண்டு ஒரு கட்டுப்பாடு வைக்கணும். நிறுத்த எடம் இல்லாதவங்களுக்கு எதுக்கு விக்குறாங்க? காலையில ஒரு ஆளு தனியா ஏறி உக்காந்து மார்க்கெட்டுக்குப் போறதுக்கு ஏழு சீட் எதுக்கு?"

பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர் எழுந்தார். "அவன் காசு, அவன் வாங்குதான். நாளைக்கு வீட்டையும் பெருசாக் கட்டக்கூடாதும்பீங்களா?"

"வீட்ட அவர் எடத்துல கட்டுதாரு, அண்ணாச்சி. இதை நம்ம எடத்துல நிறுத்துதாரு."

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "எங்க வீட்டுல நாங்க ஒம்பது பேரு. மாமனாரு நடக்க மாட்டாரு. பெரிய வண்டி எங்களுக்கு வேணும்லா. சட்டம் போட்டா எங்களையும் சேத்துத்தான அடிக்கும்?"

அது நியாயமான கேள்வி. அப்போது அப்பாவின் ஞாபகம் வந்தது.

"எங்கப்பா பஸ் டிரைவரு. அவர் ஓட்டுன வண்டி இதைவிட எவ்வளவோ பெருசு. அதை யாரும் குறை சொல்லல. ஏன்னா அதுல அம்பது பேரு ஏறுனாங்க. பெருசா இருக்கது குத்தமில்ல. யாரு ஏறுதா, எத்தன பேரு ஏறுதான்னு பாக்கணும். உங்க வீட்டுக்குக் குடுக்கட்டும். எல்லாருக்கும் எதுக்கு?"

கை தட்டினார்கள். கவுன்சிலர் தலையைச் சொறிந்தார். "சட்டம்லாம் டெல்லியில போடுறதும்மா. என் கையில இருக்கது சாக்கடை மூடி. அதை வேணா மாத்தித் தாரேன்."

உட்கார்ந்தபோது எனக்கு முகமெல்லாம் சூடாக இருந்தது. நான் பேசியது சரி என்று தெரிந்தது. அதைத் தங்கையின் வண்டியை மனதில் வைத்துக்கொண்டு பேசினேன் என்பதும் தெரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தன.

யாரோ அதைப் போனில் படம் பிடித்துவிட்டார்கள். நான் வீடு போய்ச் சேருவதற்குள் அது தங்கை வீட்டுக்குப் போய்விட்டது.

அம்மா அன்று என்னோடு சாப்பிடவில்லை. "கூடப் பொறந்தவள ஊர்க் கூட்டத்துல வச்சு இப்படியா பேசுவ?" என்றாள். அவள் பெயரை நான் சொல்லவே இல்லை என்றேன். "சொல்ல வேற செய்யணுமாக்கும்" என்றாள். என் கணவரிடம் கேட்டேன். "பேசுனதெல்லாம் சரிதான். அதை நீ பேசியிருக்க வேண்டாம்" என்றார்.

மறுநாள் தங்கையின் கணவர் வந்து வண்டியை எடுத்தார். பைபாஸ் பக்கம் இருந்த அவருடைய பூ குடோனில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். போகும்போது என் வாசலைப் பார்த்து, "மதினி கண்ணுல படாம இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அம்மாவைப் பார்க்க வந்தால் என் வீட்டுக்குள் வந்து, என்னைத் தாண்டிப் போய், அம்மாவிடம் பேசிவிட்டு, என்னைத் தாண்டித் திரும்பிப் போவாள்.

எதிர்ச் சுவர் வெறுமையாக இருந்தது. ஸ்கூட்டரை நிம்மதியாக எடுக்க முடிந்தது. ஆனால் அந்த வண்டி இப்போது எங்கே போகிறது, யார் ஏறுகிறார்கள் என்ற யோசனை மட்டும் விடவில்லை. கண் எதிரே நின்றபோதாவது அது ஓடாமல் நிற்கிறது என்று தெரிந்திருந்தது.

ஒரு நாள் காலையில் தங்கை கடைக்கே வந்தாள். குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் அவள் நாத்தனாருக்கு வளைகாப்பு. அவள் கணவர் வியாபார விஷயமாக மதுரை போயிருந்தார். வருவதாகச் சொன்ன டிரைவர் வரவில்லை. கையில் சாவி இருந்தது.

"நீ ஓட்டுதியா?" என்றாள்.

"ஏட்டி, நீ என்கூடப் பேசுறதில்லையே."

"இப்பமும் பேசல. வண்டி ஓட்டத்தான் கேக்கேன்."

என் கணவர் கடை வேலையைப் பார்ப்பது போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஒரு நிமிஷமாவது யோசித்தது போல் காட்டியிருக்கலாம். அதுகூடச் செய்யவில்லை. சாவியை வாங்கிக்கொண்டேன்.

குடோனிலிருந்து வண்டியை வெளியே எடுக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. திருச்செந்தூர் போனபோது கடைசி வரிசையிலிருந்து நான் பார்த்த வண்டி வேறு, இது வேறு. இருக்கை என்னைத் தாங்கிப் பிடித்தது. ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. ஊரைத் தாண்டியதும் ஸ்கூட்டர்கள், ஆட்டோக்கள், நடந்து போகிறவர்களின் தலைகள் எல்லாம் எனக்குக் கீழே போயின. மழை பெய்து ஓய்ந்திருந்த நாள். இரண்டு பக்கமும் கரிசல் நிலம் ஈரமாகப் பளபளத்தது. எதிரே ஆட்டு மந்தை ஒன்று வந்தது. நான் ஹாரன்கூட அடிக்கவில்லை. வண்டியைப் பார்த்த உடனே ஆட்டுக்காரர் குச்சியை நீட்டி மொத்த மந்தையையும் ஓரத்துக்கு ஒதுக்கினார். ஸ்கூட்டரில் போகும்போது இதே மந்தைக்காக எத்தனையோ தடவை காலை ஊன்றிக் காத்திருந்திருக்கிறேன்.

தங்கை பக்கத்தில் வாந்தி வராமல், கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.

குருவிகுளத்துக்கு முன்னால் சாலை குறுகும் இடம் ஒன்று உண்டு. நடுவில் மட்டும் தார் இருக்கும். எதிரும் புதிருமாக இரண்டு பெரிய வண்டி வந்தால் ஒன்று மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். எதிரே டவுன் பஸ் வந்தது. நல்ல கூட்டம். படியில் ஆட்கள் தொங்கினார்கள். டிரைவர் விளக்கைப் போட்டுக் காட்டினார். இறங்க வேண்டியது நான்தான். எங்கள் வண்டியில் இருந்தது இரண்டு பேர். இடது பக்கம் இறங்க இடமும் இருந்தது, சேறுதான் கிடந்தது.

நான் இறங்கவில்லை.

யோசித்து எடுத்த முடிவு இல்லை அது. கை ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை, அவ்வளவுதான். இந்த வண்டிக்கு எல்லோரும் ஒதுங்குகிறார்கள், இவரும் ஒதுங்குவார் என்று உடம்பு தானாகவே முடிவு செய்துவிட்டது. பஸ் வேகத்தைக் குறைத்து, மெல்லச் சேற்றில் இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே நின்றவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு அம்மாளின் கூடையிலிருந்து தக்காளி உருண்டு படியில் விழுவதைப் பார்த்தேன். தாண்டும்போது டிரைவர் ஜன்னல் வழியாகச் சொன்னார், சத்தம் போடாமல்தான்.

"ரெண்டு பேருக்கு இம்புட்டு ரோடு வேணுமாக்கும்."

அப்பா இதே இடத்தில், இதே போல இறங்கி, பெரிய வண்டிக்காரர்களை இதைவிட மோசமாகத் திட்டியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு தங்கை கேட்டாள். "நீ எறங்கியிருக்கலாம்லாக்கா?"

"எறங்கியிருக்கலாம்."

"வண்டி சேறாயிரும்னு பாத்தியா? கழுவத்தான் ஆள் இருக்கே."

சேற்றைப் பற்றி நான் நினைக்கவே இல்லை என்பதை எப்படிச் சொல்வது?

வளைகாப்பில் எல்லோரும் என்னிடம், நீயா ஓட்டி வந்தாய் என்று கேட்டார்கள். சந்தோஷமாக இருந்தது. திரும்பும்போது எதிரே ஒரு மினி பஸ் தெரிந்ததும் ரொம்ப தூரத்திலேயே மண்ணில் இறங்கி நின்றுகொண்டேன். அந்த டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

குடோனில் வண்டியை நிறுத்திய பிறகு இருவரும் உடனே இறங்கவில்லை. தங்கைதான் பேச்செடுத்தாள்.

"அன்னைக்குக் கூட்டத்துல பேசுனியே, அது வண்டிக்காகவா, எனக்காகவா?"

"ரெண்டுக்கும்தான்."

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், படவில்லை. "எனக்கு இதுல என்ன இருக்கு? அவுக ஓட்டுதாவ, அவுக சொல்ற எடத்துக்குப் போறோம். ஏசியக் கொறைக்கச் சொன்னாக்கூட மொறைப்பாவ. நீ நெனைச்சா ஸ்கூட்டர எடுத்துட்டுக் கெளம்பிருத. அதைப் பாக்கும்போது எனக்கு எப்படியிருக்கும்னு நீ நெனைச்சுப் பாத்ததே இல்ல."

உண்மைதான், நான் நினைத்துப் பார்த்ததில்லை. அதைக் கேட்டதும் என் மனது இளகியிருக்க வேண்டும். கொஞ்சம் இளகவும் செய்தது. ஆனால் என் கை அப்போதும் ஸ்டியரிங்கில்தான் இருந்தது. இவளுக்கு இதன் அருமை தெரியவில்லையே, தெரியாதவளிடம் போய் இது இருக்கிறதே என்றுதான் திரும்பத் திரும்பத் தோன்றியது. சாவியைக் கொடுக்கும்போது கொஞ்சம் தாமதமாகத்தான் கொடுத்தேன்.

கவுன்சிலர் சொன்னபடி சாக்கடை மூடியை மாற்றினார்கள். முடுக்குக்குள் நாலு சக்கர வண்டி நிறுத்தக் கூடாது என்று ஒரு போர்டும் வந்தது. கேஸ் ஆட்டோ இப்போது கடைசி வீடு வரை போகிறது. எல்லாம் என்னால்தான் என்று ஆட்கள் சொல்லும்போது மறுப்பதில்லை. யாராவது கேட்டால் என் கருத்தையும் சொல்கிறேன். பெரிய வண்டிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு வைக்கத்தான் வேண்டும். முன்பு செய்தியைப் படித்துவிட்டுச் சொன்னேன். இப்போது ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்த பிறகு தானாக இறங்கி வழிவிடுவோம் என்று என்னைப் பற்றியே என்னால் உறுதி சொல்ல முடியாது. தங்கையின் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் கடையை அடைத்துவிட்டு வரும்போது தங்கை முடுக்கு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். இரண்டு கையிலும் கனத்த பைகள். அவள் கணவர் குடோனிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு நேராக வெளியூர் போய்விட்டாராம். வேர்த்து, சேலை கசங்கி, ஆட்டோக்காரரிடம் சில்லறை வாங்கிக்கொண்டு நின்றாள். அவளை அப்படிப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. கிட்டே போய் ஒரு பையை வாங்கிக்கொண்டேன்.

"கனமா இருக்குக்கா, பாத்து" என்றாள்.

"இருக்கட்டும். நட" என்றேன்.